48 வீட்டுக்கு 20 பாக்ஸ்: இது சிக்கனமா, திருட்டா?

#1 பெரம்பூர்வாசி (சனி, இரவு 9:40)

வணக்கம். பெரம்பூரில் 48 வீடுகள் உள்ள ஓர் அடுக்ககத்துக்கு இந்த வருடப் பொருளாளர் நான். யாரும் கை தூக்காததால் என் தலையில் விழுந்த பதவி. போன வாரம் ஒருவர் வந்து ஒரு திட்டம் சொன்னார். வாட்ச்மேன் அறையில் ஒரு ரேக், அதில் வீட்டு உபயோக டிடிஎச் பாக்ஸ் 20. ஒவ்வொரு பாக்ஸும் ஒரே சானலில் நிற்கும். அதன் படத்தை மாடுலேட்டர் (படத்தைக் கேபிள் சானலாக மாற்றும் கருவி) வழியாக, கட்டிடத்தில் ஏற்கெனவே ஓடும் பழைய கேபிள் வயரில் விட்டுவிடுவாராம். வீடுகளில் பாக்ஸே வேண்டாம். டிவி ரிமோட்டில் 1, 2, 3 என்று அழுத்தினால் படம். வீட்டுக்கு மாதம் 80 ரூபாய்.

இப்போது ஒவ்வொரு வீடும் சுமார் 300 ரூபாய் கட்டுகிறது. மொத்தம் 14,400. அவர் கணக்கில் 3,840. இதைக் கூட்டத்தில் சொன்னதும் கைதட்டல். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ இடறுகிறது. அவரிடமே கேட்டேன். "20 பாக்ஸுக்கும் மாதாமாதம் ரீசார்ஜ் செய்துதானே பார்க்கப் போகிறீர்கள், இதில் என்ன சார் திருட்டு?" என்கிறார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அடுத்த ஞாயிறு இறுதி முடிவு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சும்மாபார்ப்பவன் (சனி, இரவு 9:58)

யோசிக்கவே வேண்டாம், போடுங்கள் சார். கிரிக்கெட்டுக்கு ஒரு ஆப், சீரியலுக்கு ஒரு ஆப், படத்துக்கு இரண்டு ஆப், அது போக கேபிள். எல்லாவற்றுக்கும் கட்டினால் வீட்டு வாடகைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அவர்கள் கொள்ளையடிக்கலாம், நாம் மிச்சம் பிடித்தால் குற்றமா?

#3 கறுப்புகோட்டு (சனி, இரவு 10:25)

பெரம்பூர் சார், கைதட்டியவர்கள் யாரும் மாட்ட மாட்டார்கள். நீங்கள்தான் மாட்டுவீர்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 37. ஒளிபரப்பு நிறுவனத்துக்குத் தன் ஒளிபரப்பின் மீது 25 ஆண்டுகளுக்குத் தனி உரிமை உண்டு. அனுமதி இல்லாமல் அதை மறுபடி ஒளிபரப்புவதும், காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குக் காட்டுவதும் அந்த உரிமையை மீறுவது. நீங்கள் ரீசார்ஜ் செய்வது ஒரு வீட்டில் ஒரு குடும்பம் பார்ப்பதற்கான கட்டணம். அதை 48 வீட்டுக்குப் பிரித்து வீட்டுக்கு 80 வாங்கினால் அது மறு ஒளிபரப்பு. பிரிவு 63இல் தண்டனை 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம்.

அப்புறம் 1995ஆம் ஆண்டின் கேபிள் டிவி சட்டம். பதிவு செய்யாமல் யாரும் கேபிள் நெட்வொர்க் நடத்தக் கூடாது. 2011 திருத்தத்துக்குப் பிறகு கட்டணச் சானல்களைப் பூட்டுப் போட்ட டிஜிட்டல் முறையில்தான் அனுப்ப வேண்டும். அவர் சொல்லும் ரேக்கில் பூட்டே கிடையாது. அதிகாரி வந்தால் ரேக்கைத் தூக்கிக்கொண்டு போக அதே சட்டத்தில் இடம் இருக்கிறது.

மூன்றாம் மாடியில் சீரியல் பார்க்கும் பாட்டியை யாரும் தேடி வரப் போவதில்லை. ரேக்கை வைத்தவரும், மாதாமாதம் ரசீது போட்டு வசூலித்தவரும்தான் குறி. ரசீதில் கையெழுத்து பொருளாளருடையது, இல்லையா?

#4 சும்மாபார்ப்பவன் (சனி, இரவு 10:31)

இந்த நாட்டில் இதற்காக எந்த அடுக்ககப் பொருளாளர் ஜெயிலுக்குப் போயிருக்கிறார் என்று ஒரு பெயர் சொல்லுங்கள், பார்ப்போம்.

#5 வயர்மேன்93 (ஞாயிறு, காலை 7:15)

தம்பி, நான் வியாசர்பாடிப் பக்கம் 1993இலிருந்து கேபிள் தொழில் செய்கிறேன். சன் டிவி ஏப்ரல் 14 அன்று தொடங்கியது, நான் ஆடி கழித்துத் தொடங்கினேன். ஒரு டிஷ், நாலு ஆம்ப்ளிஃபையர், மாடிக்கு மாடி தாண்டும் கறுப்பு வயர். பெரிய தொழில்நுட்பம் எல்லாம் இல்லை. காக்காய் வயரில் உட்கார்ந்தால் நான்கு வீட்டில் படம் ஆடும்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இனி யாரும் என்னை ஒன்றும் செய்யப் போவதில்லை. கட்டணச் சானல்கள் வந்த பிறகு என்னிடம் 600 வீடு இருந்தது. கணக்கில் காட்டியது 180. சானல் தரப்பிலிருந்து ஆள் வருவார். அவராலும் எண்ண முடியாது. வயர் எந்த வீட்டுக்குள் போகிறது என்று மாடி ஏறிப் பார்த்தால் ஒழியத் தெரியாது. அவர் 400 என்பார், நான் 150 என்பேன், டீ குடித்துவிட்டு 180இல் முடிப்போம். ஊரெல்லாம் இப்படித்தான். காசு கட்டிய 600 வீட்டுக்காரர்களும் யோக்கியர்கள். அவர்கள் கொடுத்த காசில் 420 வீட்டுக் காசு மேலே போகவில்லை. திருடியது பார்த்தவன் இல்லை, நடுவில் நின்ற நான்.

அது போதாது என்று உள்ளூர் சானலில் புதுப்படம் வேறு. பர்மா பஜாரிலிருந்து கேசட் வரும், பிறகு விசிடி. தீபாவளிக்கு வெளியான படம் இரண்டாம் நாள் இரவு 11 மணிக்கு எங்கள் தெருவில் ஓடும். போடாவிட்டால் பக்கத்துத் தெரு ஆபரேட்டர் போடுவான், என் வீடுகள் அவனிடம் போகும். சிபிசிஐடியின் வீடியோ பைரசி செல் வருகிறது என்று போன் வந்தால் பிளேயர் அரிசி மூட்டைக்குள் போய்விடும்.

2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில்தான் முதலில் பாக்ஸ் முறை வந்தது, காஸ் என்று சொன்னார்கள். டெல்லி, மும்பை, கொல்கத்தா எல்லாம் அப்போது பின்வாங்கிவிட்டன. நம்மூரில் மட்டும் நிலைத்தது. ஆனால் எங்கள் தெருவில் பாக்ஸ் வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணலாம். "கட்டணச் சானல் இல்லாவிட்டால் போகட்டும்" என்று ஜனங்கள் இருந்துவிட்டார்கள். அடுத்தது 2012. நாலு பெருநகரத்துக்கும் அக்டோபர் 31 கெடு. மற்ற ஊர்கள் முன்னே பின்னே மாறின. சென்னை கோர்ட்டு, வழக்கு என்று இழுத்தது. அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்ததே 2017 ஏப்ரலில்தான்.

இடையில் ஒன்று நடந்தது, அதை யாரும் பேசுவதில்லை. 2011 செப்டம்பரில் மற்ற மாவட்டங்களில் மாதம் 70 ரூபாய் என்று வந்த அரசு கேபிள், 2012இல் சென்னைக்கும் வந்தது. அதற்கு முன் என் லைனில் வாரத்துக்கு ஒருவராவது கொக்கி போடுவார். ஸ்ப்ளிட்டர் வைத்துப் பக்கத்து வீட்டுக்கு இழுப்பது, இரவில் ஜங்ஷன் பாக்ஸைத் திறப்பது, எல்லாம். 70 ரூபாய் ஆனதும் நின்றுவிட்டது. யாரும் திருந்தவில்லை. 70 ரூபாய்க்காக மழையில் கம்பம் ஏறி யாராவது வழுக்கி விழுவார்களா?

உங்கள் ரேக்காரர் சொல்வது என் 180 கணக்குதான். 48 வீட்டை 20 என்று எழுதுகிறார். என்னை விடக் கொஞ்சம் நியாயமானவர்.

#6 பெரம்பூர்வாசி (ஞாயிறு, காலை 8:02)

அண்ணே, கடைசி வரி படித்து டீ புரையேறிவிட்டது. ஒரு சந்தேகம். உங்கள் காலத்தில் எண்ண முடியவில்லை, சரி. இப்போது மட்டும் அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? எங்கள் வாட்ச்மேன் அறைக்குள் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

#7 ஹெட்எண்ட்ராத்திரி (ஞாயிறு, மதியம் 1:20)

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஒரு கேபிள் நிறுவனத்தின் கண்ட்ரோல் ரூமில் ஒன்பது வருடம், பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். இப்போது வேறு வேலை.

முதலில் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். சானலின் படத்தைக் கலைத்துத்தான் அனுப்புகிறார்கள். அதை ஒன்று சேர்க்கும் சாவி சுமார் பத்து வினாடிக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கும். சாவியும் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டியே படத்தோடு கூட வரும். அந்தப் பெட்டியைத் திறக்கும் அனுமதி உங்கள் பாக்ஸுக்கோ அதில் இருக்கும் கார்டுக்கோ தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். காசு கட்டாவிட்டால் அந்த அனுமதியை எடுத்துவிடுவோம், திரை கறுப்பாகும். ஒரு காலத்தில் ஒரே கார்டிலிருந்து வரும் சாவிகளை இணையம் வழியாக நூறு பேருக்குப் பகிர்ந்தார்கள், கார்டு ஷேரிங் என்று பெயர். இன்று பெரும்பாலான திருடர்கள் அந்தச் சிரமமே எடுப்பதில்லை. பூட்டை எதற்கு உடைக்க வேண்டும்? திறந்த பிறகு படம் பாக்ஸின் பின்புறம் ஒரு வயரில் வெளியே வருகிறதே, அங்கே பிடித்துக்கொள்கிறார்கள். எச்டிஎம்ஐ வயரில் காப்புக்கு எச்டிசிபி என்று ஒன்று உண்டு. அதன் மூலச் சாவி 2010லேயே வெளியே வந்துவிட்டது. ரிச்சி தெருவில் ஒரு மலிவான ஸ்ப்ளிட்டர் வாங்கினால், சில நேரம் விற்பவருக்கே தெரியாமல், அந்தக் காப்பும் கழன்றுவிடும்.

ஆக பூட்டால் தடுக்க முடியாது. அதனால்தான் ஃபிங்கர்பிரிண்ட். கிரிக்கெட் பார்க்கும்போது திரையில் எங்காவது ஒரு நீளமான எண் சில வினாடி தோன்றி மறையுமே, அதுதான். அது உங்கள் பாக்ஸின், அல்லது கார்டின் எண். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2017 இணைப்பு விதிமுறையில் மூன்றாம் அட்டவணை இருக்கிறது, இந்தத் தொழிலின் பைபிள் அது. அந்த எண் ரிமோட்டில் எந்தப் பட்டனை அழுத்தினாலும் மறையக் கூடாது, எல்லா பாக்ஸுக்கும் ஒரே நேரத்திலும் அனுப்ப முடிய வேண்டும், ஒரே ஒரு பாக்ஸுக்குத் தனியாகவும் அனுப்ப முடிய வேண்டும், கண்ணுக்குத் தெரியும் வகையும் தெரியாத வகையும் இரண்டும் வேண்டும் என்று அதில் இருக்கிறது. பெரம்பூர் சார், வாட்ச்மேன் அறைக்கு யாரும் வர வேண்டாம். உங்கள் 48 வீட்டில் ஒருவர் மேட்ச் ஓடும் திரையைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாலே போதும். ஒரே எண் எப்படி மூன்றாம் மாடியிலும் ஏழாம் மாடியிலும் தெரிகிறது என்று கேள்வி வரும்.

ஒரு கதை சொல்கிறேன். ஒரு ஐபிஎல் சீசன். ஏதோ ஒரு இணையதளத்தில் எங்கள் நெட்வொர்க்கின் லோகோவோடு மேட்ச் லைவாக ஓடுகிறது என்று சானல் தரப்பிலிருந்து போன். இரவு ஒன்பதரை. எல்லா பாக்ஸுக்கும் ஃபிங்கர்பிரிண்ட் அனுப்பினோம். திருட்டுத் தளத்தில் எண் வரும் இடத்தை மட்டும் மங்கலாக்கினார்கள். சரி, அதற்கு ஒரு வழி உண்டு, எண் எங்கே தோன்ற வேண்டும் என்பதை நாங்கள் மாற்றிக்கொண்டே இருக்கலாம். ஐந்தாறு முறை இடம் மாற்றினோம். அவர்களும் துரத்தினார்கள். ஏழாம் முறை பந்து எல்லைக் கோட்டுக்கு ஓடும்போது நடுத்திரையில் போட்டோம். முழு எண்ணும் தெரிந்தது. குறித்துக்கொண்டு, எந்த ஏரியா, எந்த ஆபரேட்டர் என்று கம்ப்யூட்டரில் தட்டினேன்.

எங்கள் முகவரியே வந்தது. கண்ட்ரோல் ரூமில் தரம் பார்ப்பதற்காக வைத்திருந்த மானிட்டரிங் பாக்ஸ். என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில், மேலிருந்து இரண்டாம் தட்டு. எல்லா சானலும் இலவசமாகத் திறந்திருக்கும், எந்த வாடிக்கையாளர் பெயரிலும் இருக்காது. அதன் பின்னால் படத்தை இணையத்துக்கு அனுப்பும் ஒரு சின்ன என்கோடர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, எங்கள் ஆபீஸ் இன்டர்நெட்டிலேயே போட்டிருந்தார்கள். வைத்தவர் எங்களோடு சாப்பிடும் ஆள். தினமும் மீன் குழம்பு கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுப்பார்.

நிர்வாகம் ஆளை அனுப்பியதோடு சரி, வெளியே சொல்லவில்லை. சொன்னால் ஒப்பந்தம் போய்விடும் என்ற பயம். வருடத்துக்கு ஒரு முறை சிஸ்டம் தணிக்கை உண்டு. தணிக்கையாளர் வந்தால் வாடிக்கையாளர் எண்ணிக்கையும் பூட்டு மென்பொருளில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். அலமாரியின் பின்பக்கத்தை நான் இருந்தவரை யாரும் பார்க்கவில்லை.

#8 நெறியாளர் (ஞாயிறு, மதியம் 2:05)

"எல்லா சானலும் வருஷம் 1,200" என்று வந்த பதிவையும் அதில் இருந்த இணைப்பையும் நீக்கியிருக்கிறேன். இந்த இழையிலேயே வந்து விற்கும் தைரியத்தைப் பாராட்டுகிறேன். கணக்கு முடக்கப்பட்டது.

#9 வளசரவாக்கம்எடிட் (ஞாயிறு, மாலை 5:45)

சீரியல் எடிட்டிங்கில் இருக்கிறேன். கிரிக்கெட்டையே பேசுகிறீர்கள், அதற்குப் பணமும் ஆளும் இருக்கிறது. மேட்ச் நாளில் உட்கார்ந்து எண் துரத்த ஒரு குழுவே இருக்கும். எங்கள் ஏழு மணி சீரியலுக்கு யார் துரத்துவார்கள்?

எங்கள் பக்கம் திருட்டு வேறு மாதிரி. காசு கட்டும் சந்தாதாரருக்கு ஆப்பில் எபிசோட் டிவிக்கு முன்பே வந்துவிடும். வந்த அரை மணியில் டெலிகிராமில் இருக்கும். விளம்பரம் இல்லாமல், 22 நிமிடம் சுத்தமாக, பழைய எபிசோடு ரீகேப்பைக் கூட வெட்டிவிட்டு. சொல்லக் கூடாது, சில நேரம் அவர்கள் வெட்டியது என் வெட்டைவிட நன்றாக இருக்கிறது. சாயங்காலம் டிவியில் போகும்போது எங்கள் தெரு அக்காக்கள் கதையைச் சொல்லிவிடுகிறார்கள்.

சீரியலுக்குக் காசு பார்வையாளரிடமிருந்து நேராக வருவதில்லை. பெரும்பகுதி விளம்பரம். விளம்பரத்துக்கு ஆதாரம், யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அளக்கும் பார்க் அமைப்பின் மீட்டர் இருக்கும் வீடுகளில் பதிவாகும் ரேட்டிங். டெலிகிராமில் பத்தாயிரம் பேர் பார்த்தாலும் அது எங்கேயும் ஏறாது. இந்தி போல நாடு முழுக்கப் பரவிய சந்தை இல்லை நமது. ஒரு மாநிலம், ஒரு மொழி. ஒரு புள்ளி இறங்கினாலும் ஸ்லாட் ஆடும். எங்கள் யூனிட்டில் மதிய ஸ்லாட் ஒன்றை நிறுத்திவிட்டு டப்பிங் தொடர் போட்டார்கள். லைட் பாய், மேக்கப், சாப்பாடு பரிமாறுபவர் என்று அறுபது பேருக்கு அன்றிலிருந்து வேலை இல்லை. அது முழுக்கத் திருட்டால்தான் என்று நான் சொல்ல மாட்டேன், கதையும் இழுவைதான். ஆனால் பார்த்தவர்கள் இருந்தார்கள், கணக்கில் இல்லை. வயர்மேன் அண்ணன் சொன்ன 420 வீடு மாதிரி.

#10 சும்மாபார்ப்பவன் (ஞாயிறு, இரவு 8:10)

அறுபது பேர் விஷயம் தெரியாது, வருத்தம்தான். ஆனால் விலையை யாரும் பேச மாட்டேன் என்கிறீர்களே. 2019 பிப்ரவரியில் "வேண்டிய சானலுக்கு மட்டும் கட்டலாம், பில் குறையும்" என்றார்கள். முதலில் 100 சானலுக்கு அடிப்படைக் கட்டணம் 130, அதற்கு மேல் வரி, அதற்கு மேல் ஒவ்வொரு சானலுக்கும் தனி விலை. எங்கள் வீட்டு பில் ஏறியது. பேக்கில் சேர்க்க வேண்டுமானால் ஒரு சானல் 19 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்றார்கள், 2020இல் அதை 12 ஆக்கினார்கள், வழக்கு நடந்தது, 2022இல் மறுபடி 19. இந்தக் கூத்தில் அம்மாவுக்கு எந்தச் சானல் வரும், எது போகும் என்றே தெரியாமல் போய்விட்டது. அப்புறம்தான் என் நண்பன், இணையம் வழியாக எல்லாச் சானலும் காட்டும் ஒரு ஆண்ட்ராய்டு பாக்ஸ் கொடுத்தான். ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்று நினைக்காதீர்கள். முறையாகக் கட்டிப் பார்த்தவன்தான் நானும்.

#11 வயர்மேன்93 (ஞாயிறு, இரவு 8:40)

இந்தத் தம்பி சொல்வதில் பாதி நியாயம். அந்த பிப்ரவரியில் நான் வீடு வீடாகப் போய் பாட்டிகளுக்கு சானல் பட்டியல் எழுதிக்கொடுத்தேன். ஒரு அம்மா "எனக்கு முருகன் பாட்டு வரும் சானல் மட்டும் போதும்" என்றார். அதற்கும் 130 ரூபாய் பிளஸ் வரி. எப்படி விளக்குவது?

மற்ற பாதி நியாயம் இல்லை. அந்த ஆண்ட்ராய்டு பாக்ஸ்காரனுக்கு நீ கொடுக்கும் காசில் ஒரு பைசா கூட அந்த சீரியல்காரருக்குப் போகாது. நான் 600இல் 180ஆவது மேலே கட்டினேன், தம்பி.

#12 முன்னாள்ரியாத் (திங்கள், காலை 6:50)

விலை குறைவாக இருந்தால் திருட்டு போய்விடும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு அனுபவம். 2017இலிருந்து 2019 வரை நான் சவூதியில் வேலை பார்த்தேன். அங்கே கத்தார் நாட்டு விளையாட்டுச் சானல் குழுமத்தின் ஒளிபரப்பை அப்படியே எடுத்து, மேலே தன் லோகோவை ஒட்டி, பியவுட்க்யூ என்ற பெயரில் சாட்டிலைட்டிலேயே விட்டார்கள். பத்து சானல். பாக்ஸ் கடைகளில் பகிரங்கமாக விற்றது. ஒரு கம்பம் ஏறவில்லை, ஒரு கொக்கி போடவில்லை. இரண்டு நாட்டுச் சண்டைதான் காரணம். 2020இல் உலக வர்த்தக அமைப்பின் குழு சவூதிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் உலகக் கோப்பையே முடிந்து இரண்டு வருடம். திருட்டுக்கு எப்போதும் ஏழைதான் காரணம் என்று எண்ணாதீர்கள்.

#13 ஸ்கார்பரோகுளிர் (திங்கள், காலை 7:30)

இங்கே கனடாவில் அந்த ஆண்ட்ராய்டு பெட்டியை மளிகைக் கடையில் முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் விற்கிறார்கள் அண்ணா. ஒரு தடவை காசு, ஆயுளுக்கும் எல்லாத் தமிழ்ச் சானலும். போன வருடம் வாங்கிய பெட்டியின் ஆயுள் ஏழு மாதம். கடைக்காரரிடம் கேட்டால் "சேர்வர் மாறிட்டுது, புதுப் பெட்டி எடுங்கோ" என்கிறார். அம்மாவுக்கு சீரியல் இல்லாமல் சாப்பாடு இறங்காது. மூன்றாவது பெட்டி வாங்கியபோதுதான் முறையான சந்தாவையே எடுத்திருக்கலாம் என்று கணக்குப் பார்த்தேன்.

#14 சிராங்கூன்வாலா (திங்கள், காலை 9:12)

சிங்கப்பூரில் அந்தப் பெட்டிகளை வெளிப்படையாகவே விற்றுக்கொண்டிருந்தார்கள். 2021 நவம்பரில் புதிய பதிப்புரிமைச் சட்டம் நடப்புக்கு வந்தது. விற்கும் தனிநபருக்கு 1 லட்சம் வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. கடைக்காரரைத்தான் குறிவைத்தார்கள்.

#15 கறுப்புகோட்டு (திங்கள், இரவு 9:30)

நம்மூரிலும் சட்டத்துக்குக் குறைவே இல்லை. 2004இலேயே தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் வீடியோ திருடர்களைச் சேர்த்துவிட்டார்கள். விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். என் சொந்தக் கருத்து, அது ஈயை அடிக்க உலக்கை. பிளாட்பாரத்தில் விசிடி விற்ற பையனை அதில் தூக்கலாம். சர்வரை வெளிநாட்டில் வைத்திருப்பவனை எதில் தூக்குவது?

அதற்குத்தான் நீதிமன்றத்தின் தடை உத்தரவுகள். வெளிநாட்டில் பெயர் தெரியாத எதிர்வாதிக்கு ஜான் டோ என்று வைப்பார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் அவருக்கு அசோக் குமார் என்று பெயர். 2012இல் '3' படத்துக்காக வாங்கிய உத்தரவில் இணைய நிறுவனங்கள் அவசரப்பட்டு விமியோ போன்ற முழுத் தளங்களையே அடைத்துவிட்டன. நாடு முழுக்கக் கூச்சல். பிறகு நீதிமன்றமே, குறிப்பிட்ட இணைப்புகளை மட்டும்தான் அடைக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. 2019 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் இன்னொரு படி போனது. அடைத்த தளம் பெயர் மாற்றி வந்தால் புதிதாக வழக்குப் போட வேண்டாம், அதே உத்தரவில் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மேட்ச் மூன்றரை மணி நேரம். அந்த முறையில் மனு எழுதி, சேர்த்து, அடைப்பதற்குள் பரிசளிப்பு விழா முடிந்துவிடும்.

ஹெட்எண்ட் சார் சொன்ன அலமாரிதான் எனக்குத் தூக்கம் கெடுக்கிறது. கேபிள் நிறுவனத்தின் மீது சந்தேகம் வந்தால் சானல் தரப்பு மூன்று வார நோட்டீஸ் கொடுத்து சிக்னலை நிறுத்தலாம், சண்டை தொலைத்தொடர்பு, ஒளிபரப்பு வழக்குகளுக்கான டிடிசாட் தீர்ப்பாயத்துக்குப் போகும். அங்கே இரண்டு தரப்பும் நிலுவைத் தொகையைப் பற்றித்தான் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். என்கோடர் வைத்தவரைப் பற்றி ஒரு வரி வராது.

#16 அசோக்குமார்நானில்லை (திங்கள், இரவு 9:41)

என் நிஜப் பெயர் அதுதான். இப்போதுதான் தெரிந்தது நான் ஏன் எல்லா வழக்கிலும் எதிர்வாதி என்று.

#17 பெரம்பூர்வாசி (புதன், இரவு 10:15)

எல்லோருக்கும் நன்றி. ரேக் வேண்டாம் என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. ஆனால் கூட்டத்தில் வெறுங்கையோடு நிற்க முடியாது. முறையாகச் செலவைக் குறைக்க வழி உண்டா?

#18 ஹெட்எண்ட்ராத்திரி (புதன், இரவு 11:50)

உண்டு. மாடியில் ஒரே ஒரு பொது டிஷ், அதிலிருந்து எல்லா வீட்டுக்கும் வயர், வீட்டுக்கு வீடு சொந்த பாக்ஸ், சொந்த சந்தா. டிடிஎச் நிறுவனங்களே அடுக்ககங்களுக்குச் செய்து தருகின்றன. 48 டிஷ் பால்கனியில் தொங்காது. சந்தா குறைய வேண்டுமானால் நான் முதலில் ஒவ்வொரு வீட்டின் பேக்கையும் பார்ப்பேன். பார்க்காத சானலுக்கு எவ்வளவு போகிறது என்று பட்டியல் போட்டாலே பலர் வீட்டில் குறையும். வாட்ச்மேன் அறைக்கு டிடி ஃப்ரீ டிஷ் போதும், மாதக் கட்டணமே கிடையாது. டிடி தமிழ் வரும். ஆனால் பெரிய தனியார் தமிழ்ச் சானல்களை அதில் தேடாதீர்கள்.

#19 பெரம்பூர்வாசி (ஞாயிறு, மாலை 6:30)

கூட்டம் முடிந்தது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

நம்ம ரேக்காரரும் வந்திருந்தார், ஒரு பாக்ஸும் ஒரு மாடுலேட்டரும் எடுத்துக்கொண்டு. பொது ஹாலில் இருக்கும் பெரிய டிவியில் மாட்டினார். படம் பளிச்சென்று வந்தது. மேட்ச். எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நான் எழுதி வைத்திருந்த பேச்சை யார் கேட்கப் போகிறார்கள் என்று மடித்துப் பாக்கெட்டில் வைத்தேன்.

நான்காம் ஓவரில் திரையின் நடுவில் அந்த எண் வந்தது. வெள்ளைக் கட்டத்தில், நீளமாக. யாரோ "அது என்ன?" என்றார்கள். அவர் "சிக்னல் நம்பர் சார், சாட்டிலைட்டிலிருந்து வருவது" என்றார். இரண்டாம் மாடி ருக்மணி மாமிக்கு எண்பது வயது, ஒரு காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். சத்தமாக ஒவ்வொரு இலக்கமாகப் படித்து, பால் கணக்கு எழுதும் நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு எழுந்து மேஜைக்குப் போய், கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பாக்ஸின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தார். அதே எண்.

"தம்பி, இதில் யார் பெயர் இருக்கும்?" என்று கேட்டார்.

அவர், "என் மைத்துனர் பெயர்" என்றார். மீதி 19? அதற்குப் பதில் இல்லை. செயலாளர்தான் மெதுவாக, "உங்கள் பெயரில் எடுக்கலாமா என்று போன வாரம் என் ஆதாரைக் கேட்டார்" என்றார். அதுவரை எங்களிடம் சொல்லவே இல்லை மனிதர்.

மேட்ச் முடியும் வரை யாரும் அவரை எழுப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜெயித்த பிறகு காபி கொடுத்து அனுப்பினோம். பொது டிஷ் பற்றி விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு. 48இல் 31 வீடு சேர்கிறது. மீதி 17இல் எத்தனை வீட்டில் ஏற்கெனவே ஆண்ட்ராய்டு பாக்ஸ் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

#20 வயர்மேன்93 (ஞாயிறு, இரவு 7:05)

31 வீட்டுக்குப் பழைய வயரையே பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வயர் என்னைப் போன்ற ஒருவன் தொண்ணூறுகளில் இழுத்தது, உள்ளே செம்பு பச்சையாகப் போயிருக்கும். புதிதாக ஆர்ஜி6 வயர் கேளுங்கள். டிஷ்ஷைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்க விடாதீர்கள், பிளம்பர் ஏறும்போது மிதித்துவிடுவார். மாமியிடம் அந்த நோட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.